மூன்றாவது வாக்கு

மதுரை மாசி வீதிகளில் ஒன்றில் இருக்கும் ஜவுளிக்கடைக்கு, பில்லும் இருப்புக் கணக்கும் தடையின்றி ஓட வேண்டும் என்பதற்காக, ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருளால் இரண்டு சர்வர்களை இணைத்து, ஒரே கூட்டாக இயங்கும் கிளஸ்டர் ஒன்றை அமைத்துக் கொடுத்திருந்தேன். ஒன்று படுத்தால் மற்றொன்று தாங்கும் என்று முதலாளியிடம் சொன்னேன். நானும் அப்படித்தான் நம்பினேன்.

கூட்டம் குறைந்த ஒரு மதியத்தில், ரேம் கூட்டுவதற்காக, முதல் சர்வருக்குள் மென்பொருளாக ஓடிய கணினிகளை, அதாவது விர்ச்சுவல் மெஷின்களை, லைவ் மைக்ரேஷன் மூலம் இரண்டாவதற்கு மாற்றினேன். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நினைவகப் பக்கங்கள் மறுபக்கம் நகலாகும். இதற்கிடையில் மாறிவிட்ட பக்கங்கள் திரும்பத் திரும்ப அனுப்பப்படும். மிச்சம் சொற்பமானதும் கண நேரம் நிறுத்தி, அங்கே தொடரும். கல்லாவில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நிம்மதியாக முதல் சர்வரை அணைத்தேன். ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்து, நான் தொடவே தொடாத இரண்டாவது சர்வர் தானாகவே ரீபூட் ஆனது.

"என்ன தம்பி, எதையும் கழட்டிப்புட்டீகளா?" என்றார் கல்லாப் பெரியவர்.

கழற்றியது ஒரு வாக்கை. கிளஸ்டரில் சர்வருக்கு ஒரு வாக்கு; பெரும்பான்மை வாக்கு இருந்தால்தான் வேலை தொடரும். இரண்டு வாக்கில் ஒன்று பெரும்பான்மை ஆகாது. தனித்து நிற்கும் சர்வருக்கு, கூட்டாளி செத்துவிட்டதா, நடுவில் கேபிள்தான் அறுந்ததா என்று தெரியாது. இரண்டும் ஒரே வட்டில் எழுதினால் தரவு பாழாகும் என்பதால், ஒரு சர்வர் செத்தால் அதன் மெஷின்களை மற்றொன்றில் தானாக எழுப்பும் ஹை அவைலபிலிட்டி இயங்கும் இடத்தில், வாட்ச்டாக் என்னும் காவல் டைமர் தனித்து நிற்கும் சர்வரை மீள்துவக்கிவிடும். எழுந்த பிறகும், பெரும்பான்மை இல்லாமல் மெஷின்களைத் துவக்காது. எதிர்பார்க்கும் வாக்கு ஒன்றே என்று கட்டளை கொடுத்த பிறகுதான் பில் மீண்டும் ஓடியது.

99.9 சதவீத நேரம் ஓடும் என்று வாடிக்கையாளருக்கு உறுதி கொடுத்தால், நின்றுபோவதற்கு ஆண்டுக்கு 8 மணி 45 நிமிடம்தான் கைவசம் இருக்கும்; 99.99 என்றால் 53 நிமிடம்கூட இல்லை. ஹை அவைலபிலிட்டி என்றாலும், சர்வர் திடீரெனச் செத்தால் மெஷின் மறுபக்கத்தில் புதிதாகப் பூட் ஆகவே வேண்டும், நினைவகத்தில் இருந்தது போனது போனதுதான் என்பதைப் பலர் வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை.

மூன்றாவது வாக்குக்காக, ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி ஒன்றைக் குவோரம் டிவைஸாக, அதாவது பெரும்பான்மைக்கு வாக்களிக்கும் சாதனமாக, சேர்த்தேன். பெரிய வேலை எதுவும் அதற்கு இல்லை, வாக்களிப்பது மட்டும்தான். அதையும் முதலில் ஒரு சர்வரின் யுபிஎஸ்ஸிலேயே செருகியிருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த யுபிஎஸ் போனால் ஒரே அடியில் இரண்டு வாக்கு போகும். இப்போது அது கல்லாவின் இன்வெர்ட்டரில் ஓடுகிறது.