ஏன் கண்ணு, அந்த ஊர்ல பஸ்ஸு இல்லையா?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து சேலத்திலுள்ள அம்மாவுக்குப் போன் போட்டு, "மே மாசம் 154 கிலோமீட்டர் நடக்கப் போறோம், முதுகுல மூட்டை, ராத்திரிக்குக் கூடாரம்" என்று சொல்லிப் பாருங்கள். அம்மாபேட்டையோ அஸ்தம்பட்டியோ, பதில் ஒன்றுதான் வரும்: "ஏன் கண்ணு, அந்த ஊர்ல பஸ்ஸு இல்லையா?"

முதலில் சுருக்கென்று தைக்கும். யோசித்தால் நியாயமான கேள்வி. நமக்கு மலை என்றால் ஏற்காடு. ஏற்காடு என்றால் பஸ். சன்னல் சீட்டு, கையில் எலுமிச்சம்பழம், இருபது கொண்டை ஊசி வளைவும் முடிகிறவரை அதை மோந்துகொண்டே போவது. மேலே போய் ஏரியில் படகு, மிளகாய் பஜ்ஜி, இருட்டுமுன் இறக்கம். நடை என்பது வேண்டுதலுக்கு. எடப்பாடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடப்பவர்களை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஸ்காட்லாந்தில் ஒரு வேண்டுதலும் இல்லாமல் நடக்கிறார்கள். அதற்கென்று கடை கடையாகச் சாமான் விற்கிறார்கள்.

முதல்முறை நடப்பவர்களுக்கு வெஸ்ட் ஹைலேண்ட் வே நல்ல தேர்வு, அந்த 154 கிலோமீட்டர் இதுதான். 1980இல் திறந்த பாதை, வழிகாட்டிக் கம்பங்கள் நன்றாக இருக்கும். கிளாஸ்கோ ஓரத்தில் தொடங்கி ஃபோர்ட் வில்லியமில் முடியும். தொடங்கும் ஊரின் பெயரை எழுத்துக்கூட்டி 'மில்ங்கேவி' என்று கேட்டால் யாருக்கும் புரியாது. உச்சரிப்பு 'மல்காய்'. சேலத்துக் காதில் அது மல்கோவா காயாகத்தான் விழும், ஜூன் மாதமாக இருந்தால் வயிறும் கொஞ்சம் எரியும்.

பாதையின் மிக உயரமான இடம் 550 மீட்டர்கூட முழுசாக இல்லை. ஏற்காடு 1500 மீட்டருக்கு மேல். இதைப் பார்த்து மீசையை முறுக்கக் கூடாது. ஏழெட்டு நாளும் ஏறி இறங்கி ஏறுவதைக் கூட்டினால் மூவாயிரம் மீட்டரைத் தாண்டும். லோமண்ட் ஏரிக்கரையில் ரோவர்டென்னனிலிருந்து இன்வரார்னன் வரை 22 கிலோமீட்டர், வேரும் பாறையுமாக மணிக்கு மூன்று கிலோமீட்டர்கூட நகராது. நேரக் கணக்குக்கு 1892இல் நேய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன விதி இன்றும் உதவும்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. புதியவர்கள் அதன்மேல் கால் பங்கு கூட்டிக்கொள்ள வேண்டும்.

சாமான் வாங்குமுன் சமையலறைத் தராசை எடுத்து வையுங்கள். மூட்டை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 65 கிலோ ஆளுக்கு 13 கிலோ, தண்ணீர் சோறு எல்லாம் சேர்த்து. கூடாரம், தூக்கப்பை (ஸ்லீப்பிங் பேக்), விரிப்பு, முதுகுப்பை இந்த நாலும்தான் எடையையும் காசையும் விழுங்கும். இரண்டு பேர் போனால் கூடாரத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துச் சுமக்கலாம். பழையது வாங்கினாலும் தப்பில்லை, தையல் ஓரத்து நீர்காப்புப் பட்டை உரிந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். தூக்கப்பையில் இரண்டு மூன்று வெப்பநிலை அச்சடித்திருப்பார்கள். 'எக்ஸ்ட்ரீம்' என்பது உயிர் தப்பும் அளவு, உறங்கும் அளவு அல்ல. 'கம்ஃபர்ட்' எண் சுழியம் டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் மே மாதத்துக்குப் போதும். சேலத்து வெயிலில் வளர்ந்த உடம்புக்கு இதில் சிக்கனம் ஆகாது.

முதுகுப்பைக்கு மழையுறை போட்டால் போதும் என்று விடாதீர்கள். காற்று அதைப் பறித்துவிடும், முதுகுப்பக்கமாகத் தண்ணீர் இறங்கும். கட்டுமானக் குப்பைக்கு விற்கும் தடித்த பிளாஸ்டிக் பை ஒன்றை உள்ளே விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் போட்டு வாயை முறுக்கிக் கட்டினால் ஒரு சொட்டு இறங்காது. இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும், வயிற்றின் மேல் அல்ல. கனமானவை முதுகை ஒட்டி, நடுவில்.

காசை மிச்சம் பிடிக்கக் கூடாத ஒன்று ஷூ. நடக்க நடக்கக் கால் வீங்கும், அதனால் அரை அளவு பெரிதாக, சாயங்காலத்தில் போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். பருத்தி சாக்ஸ் நனைந்தால் காயாது; ஈரத்தோல் உராய்ந்து கொப்புளம் வரும். கம்பளி சாக்ஸ் மூன்று ஜோடி போதும். காலில் ஓரிடம் சூடாக உறுத்தியதும் அங்கேயே நின்று துத்தநாக ஆக்சைடு டேப் ஒட்டுங்கள். அடுத்த ஊரில் பார்க்கலாம் என்பவர் அடுத்த ஊரில் நொண்டுவார்.

இனி சாப்பாடு. கடையில் உலர் சாப்பாட்டுப் பொட்டலம் ஒன்று ஆறேழு பவுண்டு; படம் என்னவோ சிக்கன் டிக்கா, வெந்நீர் ஊற்றினால் வருவது இனிக்கிற கஞ்சி. இரண்டு வேளை, எட்டு நாள், இரண்டு பேர் என்று கணக்குப் போட்டால் அந்தக் காசில் நல்ல ஷூவே வாங்கிவிடலாம். நம் வீட்டில் இல்லாத வித்தையா இது? ஆளுக்கு 80 கிராம் ரவையைச் சிவக்க வறுக்கவும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் கடுகு, உளுந்து, மிளகாய், 20 கிராம் நிலக்கடலை, கறிவேப்பிலை. கறிவேப்பிலை நொறுங்குகிற பதம் வரவேண்டும். ஈரம் தங்கினால் மூன்றாம் நாள் பூஞ்சை. வெங்காயம், தேங்காய் கூடவே கூடாது. வறுத்த ரவையும் உப்பும் சேர்த்து, முழுசாக ஆறிய பிறகு பையில் அடைக்கவும். மலையில் கால் லிட்டர் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, ரவையைக் கொட்டிக் கிளறி, மூடி, துண்டில் சுற்றிப் பத்து நிமிடம். ஒரு வேளைக்கு 500 கலோரிக்குப் பக்கம். நாளைக்கு மூவாயிரத்துக்குமேல் எரியும், அதனால் கடலை மிட்டாயும் இட்லிப்பொடியும் தாராளமாக. ஊரிலிருந்து நெய் கொண்டுவர முடியாது, பால் பொருளுக்குத் தடை, இங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

அரிசியை விட்டுவிடுங்கள், இருபது நிமிடம் எரிவாயுவைக் குடிக்கும். 100 கிராம் எரிவாயுக் குப்பியில் அரை லிட்டர் வீதம் பத்துப் பன்னிரண்டு முறைதான் கொதிக்கும். அவல் வெந்நீரிலேயே வெந்துவிடும். ஜவ்வரிசி? சேலத்தில் பிறந்தவருக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை, ஆனால் வழியில் அது தேறாது. கழுவாமல் ஊறவைத்தால் பசை, ஊறாமல் வேகவைத்தால் நடுவில் கல், அடிப்பிடித்தால் பாத்திரமே போச்சு.

தட்டுவடை தேறும், சமைக்கும் பாத்திரத்துக்குள்ளேயே அடுக்கினால் உடையாது. சேலத்துத் தெருக்கடை மாதிரி துருவலும் சட்னியும் வைத்த செட்டாகக் கிடைக்காது, அவ்வளவுதான். இந்த ஊர் பழகிவிட்டது, மழை பழகிவிட்டது, ஒன்பதரை மணிக்கும் இருட்டாத மே மாதம்கூடப் பழகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே ஒரு தட்டுவடையைக் கடித்தால், பீட்ரூட் துருவலும் காரச் சட்னியும் எங்கே என்று நாக்கு கேட்கிறது. தெருமுனையில் சின்னத் தட்டை நீட்டிக்கொண்டு நின்ற சாயங்காலத்துக்கு உலர் பொட்டலம் யாரும் இன்னும் போடவில்லை.

லீவில் ஊருக்குப் போகிறவர்கள் பயிற்சியை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். முதுகுப்பையில் ஐந்து லிட்டர் தண்ணீரோடு ஏற்காடு மலைப்பாதையில் ஏறி, மேலே கொட்டிவிட்டு இறங்கினால் முழங்கால் தப்பும். விடிந்ததும் கிளம்ப வேண்டும், இருட்டில் காட்டெருமை நடமாட்டம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பைக் கூட்டம் அதைவிட மோசம். எதிரே வண்டி வருகிற பக்கமாக நடக்கவும். கையில் பிளாஸ்டிக் பை இருந்தால் குரங்கு விடாது. காட்டுக்குள் ஒற்றையடியில் இறங்குவதென்றால் வனத்துறை அனுமதி வேண்டும். சுமையோடு நடந்து பழக ஏற்காடு ஏரியிலிருந்து சேர்வராயன் கோயில்வரை போய்வருவது நல்லது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களுக்கு வழிபோட்டவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், ஸ்காட்லாந்துக்காரர். அவர் ஊருக்கு நடக்க, அவர் செடி நட்ட மலையில் பயிற்சி.

ஸ்காட்லாந்தில் 2003ஆம் வருடச் சட்டப்படி பெரும்பாலான திறந்த வெளியில் கூடாரம் போடலாம். லோமண்ட் ஏரிக்கரையில் மட்டும் மார்ச் முதல் செப்டம்பர்வரை பல இடங்களுக்கு முன்பதிவு. ஜூன் பிறந்தால் மிட்ஜ் என்ற பொடிக்கொசு மொய்த்துவிடும், காற்று நின்றால் தொலைந்தோம்; தலைக்கு வலை வாங்குங்கள். கழிப்பிடம் இல்லாத இடத்தில் ஓடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி ஒரு சாண் குழி. வெள்ளைக்காரர்கள் காகிதத்தைப் பையில் கட்டிச் சுமப்பார்கள். நமக்கு அரை லிட்டர் பாட்டில், மூடியில் சூட்டூசியால் ஓட்டை, எடை 25 கிராம். இந்த ஒரு விஷயத்தில் பயிற்சியே தேவையில்லை.

பஸ் உண்டு, அம்மாவிடம் சொல்லிவிடலாம். ஃபோர்ட் வில்லியமிலிருந்து கிளாஸ்கோவுக்கு மூன்று மணி நேரம். இடப்பக்கச் சன்னலில் லோமண்ட் ஏரி, எதிர்க்கரையில் இரண்டு நாள் நடந்த காடு. சாலை ஏரியோரமாக வளைந்து வளைந்து போகும். எடையைக் குறைக்கிறேன் என்று எலுமிச்சம்பழத்தை மட்டும் எடுத்துப்போட்டுவிடாதீர்கள்.