கடிகாரத்தோடு மட்டும் போட்டி

இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயரில் இருக்கும் ஷெல்ஸ்லி வால்ஷ், கார்கள் மலைச்சரிவில் மேலேறி ஓடும் பந்தயத் தடம்; அங்கே ஒவ்வொரு வண்டியும் தனியாகத்தான் ஓடும். 1905 முதல் பந்தயம் நடக்கும் இடம், நீளம் 1000 கெஜம், அதாவது 914 மீட்டர், அவ்வளவுதான்.

என் வண்டி லோட்டஸ் செவன் என்ற எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார் வகை. 1957-இல் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் கொண்டுவந்த அந்த எளிய வடிவத்தில், சதுரக் குழாய்களை வெல்டு செய்து நானே கட்டியது. இன்ஜின் பவரைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள், ஆனால் குளிர்காலம் முழுக்க நான் செய்தது வேறு: நான்கு சக்கரத்துக்கும் அடியில் தராசு வைத்து, சீட்டில் என் எடைக்கு மூட்டை ஏற்றி, முன்சக்கரம் இரண்டும் சம பாரம் தாங்கும்வரை ஸ்பிரிங் உயரத்தைத் திருகிக்கொண்டே இருப்பது. இது சரியில்லை என்றால், வேகமாக வந்து எஸ் வளைவுக்கு பிரேக் அடிக்கும்போது பாரம் குறைந்த முன்சக்கரம் முதலில் லாக் ஆகி, சுழலாமல் வழுக்கிவிடும்.

அப்புறம் வண்டியின் மூக்கில் செங்குத்தாக ஒரு கறுப்புப் பட்டை. நேரம் எடுக்கும் ஒளிக்கதிரை அதுதான் வெட்டும். முதல் 64 அடிக்குத் தனி நேரம் உண்டு, நான் முதலில் பார்ப்பது அதைத்தான், ஏனென்றால் கிளம்பும்போது விட்ட நேரத்தை இவ்வளவு குட்டித் தடத்தில் மீட்க வழியே இல்லை. அடுத்த சீசனுக்குள் டிஃபரன்ஷியல் (இன்ஜின் சக்தியைச் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் கியர் அமைப்பு) விகிதத்தை மாற்றப் போகிறேன்.