நூறு மணி நேரம்: 2018 கோடையின் நாட்குறிப்பு

29 ஏப்ரல் 2018, ஞாயிறு

இன்று காலை வானொலியில் பிரதமரின் மாதாந்திர உரையைக் கேட்டேன். கல்லூரி மாணவர்கள் கோடை விடுமுறையில் ஏதேனும் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து, மே 1 முதல் ஜூலை 31 வரையிலான மூன்று மாதங்களுக்குள் 100 மணி நேரம் துப்புரவுப் பணியில் ஈடுபட வேண்டும் என்னும் தூய்மை இந்தியா கோடைக்காலப் பயிற்சித் திட்டத்தைப் பற்றி அதில் குறிப்பிட்டார். பயிற்சியை முடிப்பவர்களுக்குச் சான்றிதழும், பட்டப்படிப்பில் 2 கிரெடிட்டும் உண்டு. தேசிய அளவில் முதல் பரிசு 2 லட்சம் ரூபாய். நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக நான் பொறுப்பேற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஆண்டுதோறும் ஏழு நாள் சிறப்பு முகாம் நடத்தி, ஊர்க் கோயிலையும் பள்ளி வளாகத்தையும் கூட்டிப் பெருக்கி, எட்டாம் நாள் காலையில் பாய்களைச் சுருட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறோம். ஏழு நாள்களில் ஓர் ஊரின் தெருக்களைத்தான் தெரிந்துகொள்ள முடிகிறது. வீடுகளை அறிவதற்குள் முகாம் முடிந்துவிடுகிறது. மூன்று மாதங்களில் பரவிக் கிடக்கும் 100 மணி நேரம் என்பது வேறு வகையான வாய்ப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

14 மே, திங்கள்

தேர்வுகள் முடிந்துவிட்டன. முப்பத்தொரு பேர் விருப்பம் தெரிவித்தார்கள். வீட்டுச் சூழலையும் வெயிலையும் எண்ணிப் பார்த்தபின் ஒன்பது பேர் நின்றார்கள். ஐந்து மாணவிகள், நான்கு மாணவர்கள். சென்ற ஆண்டு முகாம் நடத்திய அதே ஊருக்கே போவதென்று முடிவு செய்தோம். முன்பே நம்மை அறிந்த ஊரில் மீண்டும் போய் நிற்பது எளிதல்ல, ஆனாலும் அதுதான் சரி.

செலவுக் கணக்கைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. சிறப்பு முகாமுக்கு ஒரு மாணவருக்கு 450 ரூபாய் வீதம், 50 பேருக்கு 22,500 ரூபாய் அரசு தருகிறது. அதில் ஏழு நாள் சோறு போட்டுவிடலாம். இந்தப் பயிற்சியில் மாணவர் கையில் வந்து சேரும் தொகை எதுவும் இல்லை. பேருந்துக் கட்டணம் ஜனவரியில்தான் உயர்ந்தது. கல்லூரி நாள்களுக்கான பயண அட்டை விடுமுறையில் செல்லாது. விலகிய இருபத்திரண்டு பேரில் எத்தனை பேரை வெயில் தடுத்தது, எத்தனை பேரைப் பேருந்துக் கட்டணம் தடுத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளால் மட்டுமே செய்ய முடிந்த சேவையாக இது சுருங்கிவிடக் கூடாது. பரிசுத் தொகையை விடப் பயணப்படிதான் இத்தகைய திட்டங்களின் முதல் தேவை என்பதை அறிக்கையில் கட்டாயம் எழுதுவேன்.

17 மே, வியாழன்

கத்தரி வெயிலின் நடுப்பகுதி. காலை ஆறரைக்கு ஊரில் இறங்கினோம். உள்ளாட்சித் தேர்தல் நடக்காததால் 2016 அக்டோபருக்குப் பிறகு ஊராட்சித் தலைவர் என்று எவருமில்லை. தனி அலுவலரின் பொறுப்பில் ஊராட்சி இருக்கிறது. ஊராட்சிச் செயலர்தான் எங்களை வரவேற்று, வீடுகளின் பட்டியலைக் கொடுத்தார்.

ஏரிக்கரையில் நூறு நாள் வேலைக்கு வந்திருந்த பெண்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எங்களையே பார்த்தார்கள். "நீங்களும் நூறு நாள் வேலைக்கா கண்ணு வந்திருக்கீங்க?" என்று ஒருவர் கேட்டார். "இல்லக்கா, நூறு மணி நேரம்" என்றாள் வரலாறு படிக்கும் மாணவி. "சம்பளம் எவ்வளவு?" என்று அடுத்த கேள்வி வந்தது. இல்லை என்றதும் அந்தப் பெண்கள் சிரிக்கவில்லை, இரக்கத்தோடு பார்த்தார்கள். அவர்களுக்கு இந்த ஆண்டு நாளொன்றுக்கு 224 ரூபாய் கூலி. மதியம் அவர்களுடைய சோற்றிலிருந்து ஒரு பங்கு எங்கள் பிள்ளைகளுக்கு வந்தது.

இன்று 5 மணி நேரம்.

20 மே, ஞாயிறு

தெருமுனை நாடகம் போட்டோம். பயிற்சிக்கென்று பரிந்துரைக்கப்பட்ட பணிகளில் அதுவும் ஒன்று: வீடு வீடாகச் சென்று பேசுதல், சுவரில் எழுதுதல், நாடகம், உரக்குழி வெட்டுதல் என்று அந்தப் பட்டியல் நீளும். திறந்தவெளிக்குப் போகும் ஒரு கிழவியைப் பேரப்பிள்ளைகள் கேலி செய்வதும், அவர் வெட்கப்பட்டுத் திருந்துவதும்தான் கதை. மாணவர்களே எழுதினார்கள்; நான் படித்துப் பார்த்துச் சரி என்றேன். கூட்டம் சிரித்தது, கைதட்டியது. முன்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி மட்டும் நடுவில் எழுந்து, முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டார்.

கிழவியாக நடித்த மாணவி அதைப் பார்த்துவிட்டாள். திரும்பும் வழி முழுதும் அவள் பேசவில்லை. இறங்கும்போது, "அந்த ஆயா வீட்டுக்கு நாளைக்குப் போகணும் சார், இந்த நாடகத்தை இனி நான் நடிக்க மாட்டேன்" என்றாள். அவள் சொன்னது சரி, பிழை என்னுடையது. தமிழ் கற்பிக்கும் எனக்கு, ஒரு நகைச்சுவை யாரைத் தைக்கும் என்பது படிக்கும்போதே தெரிந்திருக்க வேண்டும்.

21 மே, திங்கள்

இன்றைய நாளை விரிவாகவே எழுதி வைக்க வேண்டும்.

அந்த ஆயாவின் வீட்டுக்குப் பின்புறம் கழிப்பறை இருக்கிறது. தகரக் கதவு, வெள்ளையடித்த சுவர், சுவரில் பயனாளியின் பெயரும் எண்ணும். தூய்மை இந்தியா இயக்கத்தில் ஒரு வீட்டுக்கு வழங்கப்படும் 12,000 ரூபாயில் கட்டப்பட்டது. கதவைத் திறந்தால் உள்ளே கூரைவரை வேலிக்காத்தான் சுள்ளிகள் அடுக்கப்பட்டிருந்தன. எங்களுடைய கணக்கெடுப்புப் படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் உண்டு: 'பயன்பாட்டில் இல்லை, விழிப்புணர்வு தேவை.' வேதியியல் மாணவன் பேனாவை எடுத்துவிட்டான். மாணவி அவன் கையைத் தடுத்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து, ஏன் என்று கேட்டாள். கேட்கும் குரலில் கேட்டாள். அதட்டும் குரலில் கேட்கவில்லை.

ஆயா சொன்னார்: "ஒருக்கா போயிட்டு வந்தா ஒரு வாளித் தண்ணி போதல பாப்பா. ரெண்டு நாளைக்கு ஒருக்காதான் குழாயில வருது. அடிபம்பு அந்தக் கோடில இருக்கு. இந்த இடுப்போட நான் எத்தனை வாளி சுமப்பேன்? வெட்கமில்லாமலா நான் ஏரிப்பக்கம் போறேன்?"

கடைசிக் கேள்வி எங்கள் நாடகத்துக்கான பதில். எவரும் வாய் திறக்கவில்லை.

பக்கத்துத் தெருவிலிருந்து கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தோம். அறுபது வயதிருக்கும். சுள்ளிகளை விலக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தவர், "கோப்பையே தப்பு தம்பி" என்றார். ஊர்ப்புறக் கழிப்பறைக்கென்று உருவாக்கப்பட்ட கோப்பை செங்குத்தான சரிவுடையது. அதன் அடியில் பொருந்தும் வளைகுழாயில் 20 மில்லிமீட்டர் அளவுக்கே நீர் தேங்கி நிற்கும். அதனால் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் நீர் ஊற்றினாலே கழிவு அடித்துச் செல்லப்பட்டுவிடும். இங்கே பதித்திருப்பதோ மேல்நிலைத் தொட்டியிலிருந்து நீர் கொட்டும் வீடுகளுக்கான தட்டையான கோப்பை. பளபளப்பாக இருக்கிறது என்று எவரோ வாங்கிப் பதித்துவிட்டார்கள். கொத்தனார் ஒரு செம்பு நீரை ஊற்றிக் காட்டினார். நீர் கோப்பையின் தரையில் பரவி, தயங்கி, தேங்கி நின்றது. இன்னொரு செம்பு. இன்னொன்று. மாணவன் குறிப்பேட்டில் எண்ணிக்கொண்டே வந்தான். ஒன்பதாவது செம்பில்தான், போட்டிருந்த மண்கட்டி நகர்ந்து இறங்கியது.

படிவத்தில் 'விழிப்புணர்வு தேவை' என்ற இடத்தில் அவன் எதையும் எழுதவில்லை. பின்பக்கத்தில் கோப்பையின் படத்தை வரைந்தான்.

5 ஜூன், செவ்வாய்

உலகச் சுற்றுச்சூழல் நாள். வரும் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை என்று முதலமைச்சர் இன்று சட்டமன்றத்தில் அறிவித்திருக்கிறார். தூய்மைக் காவலர்களோடு இரண்டு மணி நேரம் குப்பை வண்டி தள்ளினோம். கையுறை இல்லாமல் அவர்கள் குப்பையைப் பிரிப்பதைப் பார்த்து எங்கள் பிள்ளைகளும் தங்கள் கையுறைகளைக் கழற்றினார்கள். உணர்வு நல்லது, செயல் தவறு. மீண்டும் மாட்டிக்கொள்ளச் சொன்னேன். அவர்களுக்கும் ஆளுக்கொரு இணை நாளை வாங்கி வர வேண்டும்.

இதுவரை 43 மணி நேரம்.

16 ஜூன், சனி

இன்று ஒரு குழியைத் திறந்தோம்.

கொத்தனாரின் சொந்த வீட்டில் எட்டு ஆண்டுகளுக்கு முன்பே அவர் கட்டிய இரட்டைக்குழிக் கழிப்பறை இருக்கிறது. உறை இறக்கிய இரண்டு குழிகள். நடுவில் ஒரு சேம்பர். அதிலிருந்து கிளை பிரிந்து ஒரு குழிக்கு மட்டும் கழிவு போகும். அது நிறைந்ததும் அந்த வழியை அடைத்து மறுகுழிக்குத் திருப்பிவிட வேண்டும். மூடிய குழியில் நீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். ஓராண்டு, ஒன்றரை ஆண்டு விட்டுவைத்தால் நோய்க்கிருமிகள் மடிந்து எஞ்சியது எருவாகிவிடும். அவருடைய முதல் குழி அடைக்கப்பட்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது.

மூடியைப் புரட்டும்போது ஐந்து பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நாற்றம் வரவில்லை. உள்ளே காப்பித்தூள் நிறத்தில், உலர்ந்த, உதிரியான மண் கிடந்தது. கொத்தனார் மண்வெட்டியால் ஒரு சட்டி அள்ளி மேலே வைத்தார். கையுறை மாட்டிய கையில் முதலில் அள்ளியவன் வேதியியல் மாணவன்தான். மழை பெய்த வயலின் வாசம் வருகிறது என்றான். 2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் கங்காதேவிப்பள்ளியில் மத்தியத் துப்புரவுத் துறைச் செயலர் பரமேஸ்வரன் ஐயர் தாமே குழிக்குள் இறங்கி இத்தகைய எருவை அள்ளிக் காட்டினார் என்ற செய்தியை வகுப்பில் அவர்களுக்குப் படித்துக் காட்டியிருந்தேன். படித்தபோது பத்திரிகைப் படம். இன்று அது கையில் இருந்தது.

அதன்பின் நடந்த உரையாடல்தான் இந்தக் கோடையில் எனக்குக் கிடைத்த பெரும்பேறு. இதுவரை வாய் திறக்காத ஒரு மாணவன், தன் பெரியப்பா கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி மூச்சுத்திணறி இறந்ததை அப்போது சொன்னான். மனிதர் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகு நிகழ்ந்த சாவு அது. "எல்லா வீட்டிலும் இந்த மாதிரிக் குழி சரியா இருந்தா யாரையும் இறக்க வேண்டியதில்ல சார்" என்றான். வேறு எவரும் பேசவில்லை. அவனோடு மூன்று ஆண்டுகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களும் இதை இன்றுதான் அறிந்தார்கள். இந்தப் பணியைச் சாதியின் பெயரால் சிலர் தலையில் சுமத்தி வைத்திருக்கும் நாட்டில், துப்புரவைப் பற்றிப் படிக்க வந்தவர்கள் இதைக் கேட்காமல் 100 மணி நேரத்தையும் கடந்து போயிருந்தால் அந்தச் சான்றிதழுக்கு என்ன பொருள் இருந்திருக்கும்?

மணிக்கணக்குப் பதிவேட்டில் 'குழி திறப்பு, 3 மணி நேரம்' என்று எழுதினாள் மாணவி. வேறு எப்படி எழுதுவது என்று எனக்கும் தெரியவில்லை.

23 ஜூன், சனி

கல்லூரி திறந்துவிட்டது, இனிச் சனி, ஞாயிறு மட்டும். ஒருவன் பகுதிநேர வேலைக்குப் போவதால் விலகிக்கொண்டான். எட்டுப் பேர்.

7 ஜூலை, சனி

இரண்டு வாரங்களாக, பயன்பாட்டில் இல்லாத கழிப்பறைகள் ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்துவிட்டோம். மொத்தம் பதினேழு. ஆறில் கோப்பை தவறு. நான்கில் சேம்பரில் அடைப்பு வைக்காததால் இரண்டு குழிகளும் ஒருசேர நிறைகின்றன. இரட்டைக்குழி கட்டியதன் பயனே அங்கே இல்லாமல் போய்விட்டது. மூன்று வீடுகளில் ஆள் இல்லை, வெளியூருக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள். மீதமுள்ள நான்கு வீடுகளில் மட்டுமே பழக்கம்தான் காரணம். விழிப்புணர்வு என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் மே மாதத்தில் இந்தப் பதினேழு வீட்டு வாசலிலும் நின்றிருக்கிறோம் என்பதை எண்ணும்போது வருத்தமாக இருக்கிறது.

இந்தப் பட்டியலை மாணவர்களே தங்கள் கையெழுத்தில் எழுதி ஊராட்சிச் செயலரிடம் கொடுத்தார்கள். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்து, தனி அலுவலரிடம் நேரில் கொடுப்பதாகச் சொன்னார். நாட்டு நலப்பணித் திட்டத்தை 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியவர்கள் எதிர்பார்த்தது இத்தகைய ஒரு தாளைத்தான் என்று நம்புகிறேன்.

28 ஜூலை, சனி

பயிற்சியின் கடைசி வாரம். எட்டுப் பேருக்கும் 100 மணி நேரம் சென்ற ஞாயிறே நிறைந்துவிட்டது. அறிக்கையும் படங்களும் இணையத்தில் ஏற்றியாகிவிட்டது. பயணப்படியைப் பற்றிய என் பத்தியும் அதில் இருக்கிறது. ஆகவே இன்று எவரும் வரத் தேவையில்லை. எட்டுப் பேரும் வந்தார்கள்.

ஆயா தம் நூறு நாள் வேலைக் கூலியிலிருந்து புதிய கோப்பை வாங்கி வைத்திருந்தார். பிள்ளைகள் பணம் திரட்டித் தருவதாகச் சொன்னபோது மறுத்துவிட்டார். "மணல் மட்டும் சுமந்து குடுங்க" என்பதுதான் அவர் வாங்கிக்கொண்ட உதவி. கொத்தனார் கூலி வாங்கவில்லை. பழைய கோப்பையைப் பெயர்த்து, வளைகுழாயைப் பொருத்தி, சரிவை விரலால் தடவிப் பார்த்துப் பதிக்க ஐந்து மணி நேரம் ஆயிற்று. சிமென்ட் இறுகும்வரை இரண்டு நாள் புழங்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, ஓட்டத்தைச் சோதிக்க ஒரு செம்பு நீர் மட்டும் மெதுவாக ஊற்றினார். நாடகத்தில் நடித்த மாணவி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நீர் எங்கும் பரவாமல் நேரே இறங்கிற்று.

"இதுக்கு மட்டும் எத்தனை செம்பு?" என்று ஆயா வாசலிலிருந்து கேட்டார்.

"ரெண்டு போதும் ஆயா."

அவர் தலையசைத்துவிட்டு, முற்றத்தில் இறைந்து கிடந்த சுள்ளிகளைப் பொறுக்கி வேப்பமரத்தடியில் அடுக்கத் தொடங்கினார். பிள்ளைகளும் போய்ச் சேர்ந்துகொண்டார்கள்.