வரைபடத்தில் இரண்டு, மண்ணுக்குள் ஒன்று

நான் வேலை பார்ப்பது ஒரு டேட்டா சென்டரில், அதாவது சர்வர் கணினிகள் இரவும் பகலும் ஓடும் கட்டிடத்தில். 14 வருடமாகிறது. முதல் சில வருடங்கள், எங்களிடம் எல்லாமே இரண்டிரண்டாக இருக்கிறது என்று முழுசாக நம்பினேன். மின்சாரம் இரண்டு பக்கத்திலிருந்து வரும், யுபிஎஸ் இரண்டு வரிசை, ஜெனரேட்டர் இரண்டு, வெளி நெட்வொர்க்கோடு இணைக்கிற ஃபைபர் கேபிள் இரண்டு, அதுவும் வேறு வேறு நிறுவனங்களிடம் வாங்கியது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களிடம் சுவரில் மாட்டிய வரைபடத்தின் சிவப்புக் கோட்டையும் நீலக் கோட்டையும் காட்டி, ஒன்று போனால் இன்னொன்று தாங்கும் என்று பெருமையாகச் சொல்வேன்.

ஒரு நாள் அதிகாலை இரண்டே முக்காலுக்கு, ஃபைபரின் சிவப்பும் நீலமும் ஒரே நொடியில் போயின.

யாரோ எங்கள் நெட்வொர்க்குக்குள் புகுந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தோம். சரி, ஃபைபர் நிறுவனத்தைக் கூப்பிடலாம் என்றால், அவசர நம்பர் இருந்த பக்கம் வேறு ஊரில் இருக்கும் சர்வரில் இருந்தது, அந்த சர்வருக்குப் போகும் வழியே இந்த ஃபைபர்தான். பாஸ்வேர்டுகளும் அங்கேயே. மேசை ஃபோன்களும் அதே நெட்வொர்க்கில் ஓடுபவை, அவையும் ஊமையாகிவிட்டன. கடைசியில் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் நம்பரைக் கண்டுபிடித்து, என் சொந்த மொபைலில் பேசினேன். (2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியபோது, பழுது பார்க்க வேண்டிய கருவிகளும் அதே நெட்வொர்க்கோடு சேர்ந்து முடங்கின என்று படித்தபோது, அந்த இரவில் கை நடுங்கியது ஞாபகம் வந்தது.)

காரணம் தாக்குதல் எதுவும் இல்லை. சில கிலோமீட்டர் தள்ளி, இரவுச் சாலை வேலையில் ஒரு பொக்லைன் ஒரே ஒரு குழாயை வெட்டியிருந்தது. இரண்டு நிறுவனங்களின் கேபிளும் அந்தக் குழாய்க்குள் இருந்தன. ஒருவர் குழாயில் இன்னொருவர் வாடகைக்கு இடம் எடுத்திருக்கிறார், எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒட்டி முடிக்க ஒன்பது மணி நேரம் ஆனது.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. 2001 ஜூலை 18 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில் ஹோவார்ட் தெருவுக்கு அடியில் உள்ள ரயில் சுரங்கத்தில் ஒரு சரக்கு ரயில் தடம் புரண்டு தீப்பிடித்தது. அந்தச் சுரங்கம் வழியாகத்தான் பல நிறுவனங்களின் ஃபைபர் போய்க்கொண்டிருந்தது. புதிதாகத் தோண்டுவது பெரும் செலவு என்பதால், ஏற்கெனவே வழி இருக்கிற இடத்திலேயே, அதாவது தண்டவாளத்தை ஒட்டியோ பாலத்துக்கு அடியிலோ சுரங்கத்துக்குள்ளோ, எல்லோரும் கேபிளைப் போடுகிறார்கள். போட்டி நிறுவனங்கள் ஆளுக்கொரு வரைபடம் அச்சடித்தாலும் கேபிள்கள் போய்ச் சேருவது ஒரே பள்ளத்தில்தான்.

அந்த வாரமே எங்கள் மூத்த எலெக்ட்ரீஷியனோடு கட்டிடம் முழுக்க நடந்தேன். அவர் கேட்ட ஒரு கேள்வியை நான் மறக்கவே மாட்டேன்: "தம்பி, கரண்ட் போனா ஜெனரேட்டர் ஓடும், சரி. கீழ டேங்க்ல இருந்து ஜெனரேட்டருக்கு டீசல் ஏத்துற பம்பு எந்தக் கரண்ட்ல ஓடுது?"

போய்ப் பார்த்தோம். வெளியிலிருந்து வரும் மின்சாரத்தில் மட்டும். ஜெனரேட்டரை மாதாமாதம் 20 நிமிடம் ஓட்டிப் பார்த்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். மேலே உள்ள சின்ன டேங்க் அதற்கு தாராளமாகப் போதும், அதனால் இத்தனை வருடம் யார் கண்ணிலும் படவில்லை. நிஜமாகவே ஒரு நாள் முழுக்க மின்சாரம் போயிருந்தால், கீழே டேங்க் நிறைய டீசல் இருக்க, மேலே ஜெனரேட்டர் நின்றிருக்கும்.

2012இல் சாண்டி புயலின்போது நியூயார்க்கில் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. ஜெனரேட்டர் மேல்தளத்தில் பத்திரமாக இருந்தும், அடித்தளத்தில் இருந்த டீசல் பம்புகள் வெள்ளத்தில் மூழ்கிவிட்டதால், ஒரு டேட்டா சென்டரின் ஊழியர்கள் 17 மாடி ஏறி டீசலை வாளியில் சுமந்தார்கள். 2011 மார்ச் 11 சுனாமியில் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தின் டீசல் ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை தாழ்வான இடத்தில் இருந்ததால் வெள்ளத்தில் வீணாயின, ஆறாவது உலையின் ஒரு ஜெனரேட்டர் மட்டும் தொடர்ந்து ஓடியது. அது கொஞ்சம் மேடான இடத்தில் இருந்தது, காற்றால் குளிர்வது, கடல்நீர் பம்பு அதற்குத் தேவையே இல்லை. ஐந்தாவது, ஆறாவது உலைகள் பிழைத்ததற்கு அந்த ஒன்று பெரிய காரணம். மற்றவற்றைப் போலவே இன்னொன்றை வாங்கி அவற்றின் பக்கத்திலேயே வைத்திருந்தால் அதுவும் மூழ்கியிருக்கும்.

வேண்டுமென்றே தாக்க வருகிறவர்கள் இந்தப் பொதுவான முடிச்சைத் தேடித்தான் வருகிறார்கள். 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின் விநியோக நிறுவனங்களின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் சுவிட்சுகளைத் திறந்து மின்சாரத்தைத் துண்டித்ததோடு நிற்கவில்லை. கட்டுப்பாட்டு அறையின் யுபிஎஸ்ஸையே குறிவைத்தார்கள், புகார் சொல்லும் ஃபோன் லைன்களைப் பொய் அழைப்புகளால் நிரப்பினார்கள். சுமார் 2,25,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. ஆனாலும் சில மணி நேரத்தில் மீட்டார்கள், எப்படி என்றால் ஊழியர்கள் வண்டியில் துணைமின் நிலையங்களுக்குப் போய்க் கையால் சுவிட்சைப் போட்டார்கள். கையால் போடுகிற சுவிட்சு அங்கே இருந்தது, போடத் தெரிந்த ஆட்களும் இருந்தார்கள். இன்றைக்குப் புதிதாகக் கட்டுகிற பல இடங்களில் இந்த இரண்டில் ஒன்றாவது இருக்குமா என்ற கேள்வி என்னை உண்மையிலேயே பயமுறுத்துகிறது.

இப்போது நாங்கள் வருடத்துக்கு இரண்டு முறை வெளி மின்சாரத்தை நிஜமாகவே நிறுத்திவிட்டு ஆறு மணி நேரம் ஓட்டுகிறோம். மேனேஜர்கள் ஒத்துக்கொள்ளவே ஒரு வருடம் ஆனது. முதல் முறையே, அறையைக் குளிர்விக்கும் சில்லர்கள் தானாகத் திரும்ப ஓட மறுத்தன, அறையின் சூடு மளமளவென ஏறியது. பட்டப்பகலில், எல்லோரும் நிற்கும்போது அது தெரிந்ததே பெரிய விஷயம். முக்கியமான நம்பர்கள் காகிதத்தில் அச்சடித்து மூன்று இடத்தில் இருக்கின்றன.

ஃபைபர் மட்டும் இன்னும் தீரவில்லை. மூன்றாவதாக ஒரு நிறுவனத்திடம் கேட்டிருக்கிறோம். கேபிள் போகும் வழியின் வரைபடம் கேட்டால், பாதுகாப்புக் காரணத்துக்காகத் தர முடியாது என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான், கெட்டவன் கையில் கிடைக்கக் கூடாத வரைபடம் அது. ஆனால் அதைப் பார்க்காமல் நான் எதை நம்பி வாங்குவது? ரகசிய ஒப்பந்தம் போட்டு, அவர்கள் அலுவலகத்திலேயே உட்கார்ந்து, படம் எடுக்காமல் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை, போன ஞாயிற்றுக்கிழமை தெருவில் உள்ள மேன்ஹோல் மூடிகளில் பொறித்த பெயர்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பாலம் வரைக்கும் வழி வேறாகத்தான் தெரிகிறது. பாலத்தில் கேபிள் போக ஒரு பக்கம்தான் இடம் இருக்கிறது.