பதினைந்து பதினைந்து வோல்ட்டாக

ஸ்டான்லி மில்கிராமின் கீழ்ப்படிதல் ஆய்வைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் 65 சதவீதம் என்ற ஒற்றை எண்ணோடு அது முடிந்துவிடுகிறது. 1961-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், கோட்டு அணிந்த ஒருவர் சொன்னார் என்பதற்காகவே, சாதாரண மனிதர்கள் 40 பேரில் 26 பேர் முன்பின் அறியாத ஒருவருக்கு 450 வோல்ட் வரை மின்னதிர்ச்சி கொடுக்கத் துணிந்தார்கள்; ஆகவே நம் எல்லோருக்குள்ளும் ஒரு கொடியவன் ஒளிந்திருக்கிறான் என்று சொல்லிப் பாடத்தை மூடிவிடுகிறோம். பி.எட். மாணவ ஆசிரியர்களுக்குக் கல்வி உளவியல் நடத்துகிறவன் என்ற முறையில், அந்த ஆய்வு சொல்வது அதுவன்று என்பதை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன். மில்கிராம் ஒரு சோதனையோடு நிற்கவில்லை. அறையின் அமைப்பையும் ஆட்கள் இருக்கும் இடத்தையும் மாற்றி மாற்றி, இருபதுக்கும் மேற்பட்ட வடிவங்களில், எழுநூறுக்கும் அதிகமானோரை வைத்து அதை நடத்தினார். அந்த மாற்றங்களுக்கு ஏற்ப எண்கள் ஏறி இறங்கிய விதத்தில்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அத்தனையும் இருக்கிறது.

முதலில் அந்த அறைக்குள் போவோம். நினைவாற்றல் பற்றிய ஆய்வுக்கு ஆட்கள் தேவை, ஒரு மணி நேரத்துக்கு 4 டாலரும் போக்குவரத்துச் செலவுக்கு 50 சென்ட்டும் தரப்படும் என்ற விளம்பரத்தைப் பார்த்து நியூ ஹேவன் நகரத்துக்காரர்கள் வந்தார்கள். தபால் ஊழியர்கள், எழுத்தர்கள், விற்பனையாளர்கள், பொறியாளர்கள், கூலித் தொழிலாளர்கள் எனப் பல தரப்பினர். வந்தவரோடு இன்னொருவரும் காத்திருப்பார். நாற்பதுகளின் பிற்பகுதியில் இருக்கும், பார்த்த மாத்திரத்தில் நல்லவர் என்று தோன்றும் ஒரு கணக்காளர். சீட்டுக் குலுக்கிப் போட்டால் வந்தவருக்கு ஆசிரியர் வேலையும் கணக்காளருக்கு மாணவர் வேலையும் விழும். இரண்டு சீட்டிலுமே ஆசிரியர் என்றுதான் எழுதியிருக்கும் என்பது வந்தவருக்குத் தெரியாது. கணக்காளரைப் பக்கத்து அறையில் நாற்காலியோடு வாரால் கட்டி, கையில் மின்முனையைப் பொருத்துவார்கள். தண்டனை கொடுத்தால் படிப்பு நன்றாக ஏறுமா என்று கண்டறிவதே ஆய்வின் நோக்கம் என்று விளக்கம் சொல்லப்படும்.

ஆசிரியரின் முன்னே ஒரு நீண்ட கருவி. அதில் வரிசையாக 30 சுவிட்சுகள். 15 வோல்ட்டில் தொடங்கிப் பதினைந்து பதினைந்தாக 450 வரை ஏறும். இலேசான அதிர்ச்சி என்று தொடங்கும் குறிப்புகள் 'அபாயம், கடுமையான அதிர்ச்சி' என்பதையும் தாண்டிப் போய், கடைசி இரண்டு சுவிட்சுகளுக்குச் சொல்லே இல்லாமல் மூன்று பெருக்கல் குறிகளில் முடியும். கருவி உண்மையானது என்று நம்ப வைப்பதற்காக ஆசிரியரின் மணிக்கட்டில் 45 வோல்ட் அதிர்ச்சி ஒன்றை நிஜமாகவே கொடுத்துக் காட்டுவார்கள். பிறகு பாடம் தொடங்கும். நீலம் என்றால் பெட்டி, காட்டு என்றால் வாத்து என்பது போன்ற சொற்சோடிகளை மாணவர் நினைவு வைத்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தவறுக்கும் அடுத்த சுவிட்ச். பதில் வராவிட்டால் அதுவும் தவறாகவே கொள்ளப்படும். மாணவருக்கு உண்மையில் ஒரு வோல்ட்டும் போகவில்லை. சுவரின் வழியே கேட்ட கூக்குரல் முன்பே பதிவு செய்யப்பட்டது. ஆயினும் சுவிட்சை அழுத்தியவர் வியர்த்துப்போனார், திக்கினார், நகம் உள்ளங்கையில் பதியும்படி விரல்களை இறுக்கிக்கொண்டார். சிலர் அடக்க முடியாமல் சிரித்தார்கள். அது மகிழ்ச்சியில் வந்த சிரிப்பு இல்லை என்று பிறகு வருந்திச் சொன்னார்கள்.

அந்த 30 சுவிட்சுகளைப் பற்றித்தான் நான் வகுப்பில் அதிக நேரம் பேசுகிறேன். எடுத்த எடுப்பிலேயே 450 வோல்ட்டை அழுத்தச் சொல்லியிருந்தால் பெரும்பாலோர் எழுந்து போயிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் 15 என்பது ஒன்றுமே இல்லை, 30 என்பது அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். இப்படியே ஒவ்வொரு படியும் முந்தைய படிக்கு அருகிலேயே இருக்கும்போது, இங்கே நிறுத்து என்று சொல்லும் கோடு எங்கும் தென்படுவதில்லை. 165-ஐக் கொடுப்பது தவறு என்று ஒருவர் முடிவெடுத்தால், ஒரு நிமிடத்துக்கு முன்னர் தானே கொடுத்த 150-க்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கேள்வியை எதிர்கொள்வதைக் காட்டிலும் அடுத்த சுவிட்சை அழுத்துவது எளிதாக இருந்திருக்கிறது. மாணவரின் குரல் கேட்கும் வடிவங்களில், 150 வோல்ட்டில்தான் அவர் முதன்முறையாக, என்னை வெளியே விடுங்கள், இனி இதில் இருக்க மாட்டேன் என்று கத்துவார். பல ஆண்டுகள் கழித்துத் தரவுகளை மறுபடி அலசியபோது, பாதியில் நிறுத்தியவர்களில் அதிகம் பேர் நிறுத்திய இடம் அதுதான் என்று தெரியவந்தது. வலியின் ஓலம் கூடக் கூட நிறுத்துகிறவர்கள் கூடவில்லை; இன்னொரு மனிதர் தன் ஒப்புதலைத் திரும்பப் பெற்ற அந்த ஒரு கணத்தில்தான் நிறுத்துவதற்கான வாய்ப்பு மிகுதியாக இருந்தது.

ஆசிரியர் தயங்கினால் சோதனையாளர் சொல்ல வேண்டிய வாக்கியங்கள் நான்கு. தயவுசெய்து தொடருங்கள், நீங்கள் தொடர வேண்டுமென்று சோதனை கோருகிறது, நீங்கள் தொடர்வது முற்றிலும் இன்றியமையாதது, உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும். இவற்றில் உண்மையான கட்டளை என்று சொல்லத்தக்கது நான்காவது மட்டுமே. ஜெர்ரி பர்கர் என்ற உளவியலாளர், அறநெறிக்கு ஏற்ப 150 வோல்ட்டோடு நிறுத்தும்படி திருத்திய ஒரு வடிவத்தை நடத்தி 2009-இல் வெளியிட்டார். பத்தில் ஏழு பேர் அந்த இடத்துக்குப் பிறகும் தொடர ஆயத்தமாகவே இருந்தார்கள். ஆனால் நான்காவது வாக்கியம் யாருக்கெல்லாம் சொல்லப்பட்டதோ அவர்களில் ஒருவரும் அதற்குப் பிறகு தொடரவில்லை. ஆகவே, அதிகாரம் உறுமினால் மனிதன் பணிந்துவிடுகிறான் என்ற எளிய விளக்கம் போதாது. ஒரு நல்ல காரியத்துக்கு, அறிவியலுக்கு, தான் துணை நிற்கிறேன் என்று நம்பும்போதுதான் அவன் தொடர்கிறான். அடிமையைப் போல நடத்தப்படுகிறோம் என்று உணர்ந்ததும் எதிர்க்கிறான். இந்த விளக்கத்தை அலெக்ஸ் ஹாஸ்லமும் ஸ்டீபன் ரைக்கரும் வலுவாக முன்வைக்கிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

இனி மாறிய வடிவங்களுக்கு வருகிறேன். மாணவரை அதே அறையில், கண்ணெதிரே உட்கார வைத்தபோது கடைசிவரை போனவர்கள் 40-க்கு 16 ஆகக் குறைந்தார்கள். மாணவரின் கையைப் பிடித்து அதிர்ச்சித் தகட்டின் மீது தாமே அழுத்த வேண்டும் என்றபோது 12. சோதனையாளர் அறையை விட்டுப் போய்த் தொலைபேசியில் உத்தரவு கொடுத்தபோது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். அப்போதும் சிலர், சொன்னபடியே செய்வதாகத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டே, மிகக் குறைந்த வோல்ட்டைத்தான் அழுத்தினார்கள். சோதனையாளர்கள் இருவர் இருந்து, ஒருவர் தொடரச் சொல்ல மற்றவர் நிறுத்தச் சொன்னபோது, 20 பேரில் ஒருவர்கூடக் கடைசிவரை போகவில்லை. இந்த எல்லா வடிவங்களிலும் மனிதர்கள் அதே ஊரைச் சேர்ந்த அதே வகை மனிதர்கள்தான். அவர்களின் குணம் வடிவத்துக்கு வடிவம் மாறியிருக்க முடியாது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது, பக்கத்தில் இருக்கும் ஆளைப் பற்றிய இரண்டு வடிவங்கள். ஒன்றில், சுவிட்சை அழுத்தும் வேலையை இன்னொருவர் செய்வார். வந்தவர் கேள்வியை வாசிப்பது போன்ற துணை வேலையை மட்டும் செய்தால் போதும். 40 பேரில் 37 பேர் கடைசிவரை அமர்ந்து அந்த வேலையைச் செய்து முடித்தார்கள். மற்றொன்றில் மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து பாடம் நடத்துவார்கள். அவர்களில் இருவர் மில்கிராமின் ஆட்கள். ஒருவர் 150 வோல்ட்டிலும் அடுத்தவர் 210-லும் இனி முடியாது என்று எழுந்துவிடுவார்கள். அதன் பிறகு கடைசிவரை போனவர்கள் 40 பேரில் 4 பேர் மட்டுமே. அதே சாம்பல் நிறக் கோட்டு, அதே நான்கு வாக்கியங்கள், அதே கருவி.

இது ஆய்வுக்கூடத்துக்கு வெளியிலும் நடந்திருக்கிறது. 1942 ஜூலை 13-ஆம் நாள், போலந்தின் யூசெஃபூஃப் என்ற சிற்றூரில், நாஜி ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலிருந்து வந்த 101-ஆம் ரிசர்வ் போலீஸ் பட்டாலியனுக்கு அவ்வூர் யூதர்களைச் சுட்டுக் கொல்லும்படி உத்தரவு வந்தது. அதன் தலைவர் மேஜர் ட்ராப் கண்கலங்கியபடியே உத்தரவைச் சொல்லி, மூத்தவர்களில் இயலாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றும் அறிவித்தார். ஐந்நூறு பேருக்குச் சற்றுக் குறைவான அந்தப் படையிலிருந்து ஒரே ஒருவர் முன்னே வந்தார். அவருடைய கேப்டன் அவரைத் திட்டத் தொடங்க, ட்ராப் தடுத்து அவரைத் தம் பாதுகாப்பில் நிறுத்திக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு மேலும் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையை விட்டு வந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை, அன்று ஏறத்தாழ 1,500 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். விலகி நின்றவர்களுக்கு அதற்காக மரண தண்டனை எதுவும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். மில்கிராமின் ஆய்வால் இந்தப் படுகொலைகளை முழுவதும் விளக்கிவிட முடியாது. பல ஆண்டுகளாக ஊட்டப்பட்ட இன வெறுப்புக்கு அந்த ஆய்வுக்கூடத்தில் இடமே இல்லை. ஆனால் முதல் ஆள் முன்னே வந்ததும் மற்றவர்களின் கால்கள் நகர்ந்த விதம் இரண்டிடத்திலும் ஒன்றாகவே இருக்கிறது.

ஸ்டான்ஃபோர்டில் 1971-இல் உளவியலாளர் பிலிப் ஸிம்பார்டோ, இளைஞர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் பிரித்து நடத்திய சிறைச் சோதனையைப் பற்றியும் மாணவர்கள் கேட்பார்கள். சீருடை கொடுத்ததுமே காவலர்கள் தாமாகக் கொடியவர்கள் ஆனார்கள் என்று அதைச் சொல்வது வழக்கம். பின்னர் வெளிவந்த ஒலிப்பதிவில், கண்டிப்பாக நடந்துகொள்ளும்படி ஒரு காவலரை ஆய்வுக் குழுவே வலியுறுத்துவது கேட்கிறது. ஆகவே அதை மில்கிராமுக்கு நிகராக வைக்க எனக்கு மனம் வரவில்லை. மில்கிராம் மீதும் குறைகள் உண்டு. வந்தவர்களை ஏமாற்றி வேதனைப்படுத்தியது முறையா என்று உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1964-லேயே கேட்டார், நியாயமான கேள்வி. அதிர்ச்சி உண்மையில்லை என்று ஊகித்துவிட்டவர்களும் அங்கே இருந்திருக்கிறார்கள். அதனால்தான் தனித்த ஒரு சதவீதத்தை விடுத்து, வடிவங்களுக்கு இடையிலான வேறுபாட்டை நம்புவது பாதுகாப்பானது.

மருத்துவமனைகளில் நடந்த இரண்டு ஆய்வுகளும் இதற்குத் துணை நிற்கின்றன. 1966-இல் ஹாஃப்ளிங் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், முன்பின் அறியாத மருத்துவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, ஒரு நோயாளிக்கு 20 மில்லிகிராம் மருந்து கொடுக்கச் சொன்னார். ஒரு நாளைக்கு 10-க்கு மேல் கூடாது என்று டப்பாவிலேயே எழுதியிருந்தது. தனியாகப் பணியில் இருந்த 22 செவிலியரில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். வழியில் தடுத்து உண்மையைச் சொல்லிவிட்டார்கள். 1977-இல் வேறு இருவர் இதை மாற்றி நடத்தினார்கள். இம்முறை மருந்து செவிலியர்களுக்கு நன்கு பழக்கமானது. சக செவிலியரிடம் கலந்து பேசவும் வாய்ப்பு இருந்தது. 18 பேரில் 2 பேர் மட்டுமே கொடுக்க முற்பட்டார்கள்.

வகுப்பில் இதையெல்லாம் முடிக்கும்போது, "நாங்களாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டோம் சார்" என்று யாராவது சொல்வார்கள். மனநல மருத்துவர்கள் 40 பேரிடம் மில்கிராம் முன்கூட்டியே கேட்டபோது அவர்களும் ஆயிரத்தில் ஒருவர்தான் கடைசிவரை போவார் என்றார்கள். ஹாஃப்ளிங்கின் கேள்வித்தாளை நிரப்பிய பயிற்சிச் செவிலியர்கள் 21 பேரும், தாங்கள் கொடுக்க மாட்டோம் என்றே எழுதினார்கள். எனவே மன உறுதியைப் பற்றிய அந்தப் பேச்சை வளர்க்காமல், கற்பித்தல் பயிற்சிக்குப் போகப்போகும் பள்ளியைப் பற்றிக் கேட்பேன். மில்கிராமின் பொய்க் கதையே தண்டனையால் படிப்பு ஏறுமா என்பதுதானே. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. ஆனாலும், கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைக்கும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். முதல் நாள் ஓர் அதட்டல், மறுநாள் பெஞ்சின் மேல் நிற்க வைப்பது, பிறகு காதைத் திருகுவது, பிறகு அளவுகோல் என்று அங்கேயும் சுவிட்சுகள் வரிசையாகவே இருக்கின்றன. மூத்த ஆசிரியர் ஒருவர், இவனை நாலு போடுங்கள், அப்போதுதான் வகுப்பு அடங்கும் என்று அக்கறையோடு சொல்லும்போது, அது உத்தரவாகவே தோன்றாது. பிள்ளையின் நன்மைக்கான யோசனையாகத்தான் காதில் விழும்.

ஆகவே அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது செய்து பார்க்கக்கூடிய இரண்டு காரியங்கள். எந்தப் படியில் நிறுத்துவேன் என்பதைப் பள்ளிக்குப் போகும் முன்பே தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அளவுகோல் கைக்கு வந்த பிறகு யோசிக்கத் தொடங்கினால் நேரம் கடந்துவிட்டிருக்கும். அதே பள்ளிக்குப் போகும் மற்றொரு மாணவ ஆசிரியரிடம் அந்தத் தாளைக் காட்டி, இப்படி ஒரு யோசனை வந்தால் முடியாது என்று இருவரும் சேர்ந்தே போய்ச் சொல்வதாகப் பேசி வைத்துக்கொள்ளவும் வேண்டும். சென்ற ஆண்டு சிலர் அப்படிச் செய்தார்கள். ஒரு பள்ளியில் அந்த யோசனை வந்தபோது, மறுப்பைச் சொன்னவர் அந்த இருவரில் அதிகம் பேசாதவர் என்று மற்றவர் என்னிடம் சொன்னார்.