அடி கனம் பாரு கண்ணு

பாத்திரத்தைச் செட்டாக வாங்கவே கூடாது என்பது என் கட்சி. பெரிய டப்பாவில் வரிசையாக அடுக்கித் தருவதில் தினமும் அடுப்பேறுவது இரண்டோ மூன்றோதான், மிச்சம் பரணுக்குப் போகும். அண்ணன் மகள் கோயமுத்தூரில் வாடகை வீடு பிடித்துவிட்டு, "அத்தை, ஆன்லைன்ல ஒரு செட் போட்டுரட்டுங்களா?" என்றாள். பொறு என்று அனுப்பர்பாளையம் கூட்டிப் போனேன்.

திருப்பூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பனியன்தான். அதை ஒட்டியே பித்தளை, செம்பு, எவர்சில்வர் என்று பட்டறைகளில் பாத்திரம் அடிக்கிற இந்த ஊரும் இருக்கிறது. நாங்கள் போன கடையில் பெரும்பாலும் எடைக்குத்தான் விலை. எனக்கு அது பிடிக்கும். கனத்துக்குக் காசு, அட்டைப்பெட்டிக்கு இல்லை.

அவள் கை நேராகப் போனது பளபளவென்ற ஒரு லேசான குண்டாவுக்கு. "இதுல அரிசிம்பருப்பு ஆக்குனா அடியெல்லாம் தீஞ்சு போகும்" என்றேன். எவர்சில்வர் சூட்டைச் சீராகப் பரப்பாது. தகடும் மெல்லிசு என்றால் தீ படுகிற இடத்திலேயே பருப்பு பிடித்துக்கொள்ளும். அடி கனமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு எவர்சில்வர் தகடுக்கு நடுவே அலுமினியம் வைத்த டிரைப்ளை. டிரைப்ளை விலை கூடத்தான், ஆனால் ஒன்று போதும். மாவு கரைக்க, அரிசி களைய மெல்லிசே தாராளம். அதில் போய் காசைக் கொட்ட வேண்டாம்.

கடைக்குக் காந்தம் கொண்டு போ, ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று ஒரு யோசனை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எவர்சில்வரில் நல்ல ரகமான 304இல் ஒட்டாது, சரி. நிக்கல் குறைத்து மாங்கனீசு கூட்டிய 202 ரகத்திலும்தான் ஒட்டாது. அடிப்பாகம் இன்டக்‌ஷன் அடுப்புக்கு ஆகுமா என்று பார்க்க வேண்டுமானால் காந்தம் உதவும். 304இல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் இருக்கும். உப்புக்கும் புளிக்கும் அதுதான் நன்றாகத் தாங்கும். பில்லில் ரகத்தை எழுதித் தரச் சொன்னேன். "எழுதிட்டாப் போச்சுங்க" என்றார் கடைக்காரர். எழுதத் தயங்குகிற கடையில் நான் வாங்குவதில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பாருங்கள், எவர்சில்வர் பாத்திரத்துக்கான தர எண் ஐ.எஸ். 14756.

பிடியையும் விடாதீர்கள். புள்ளி வெல்டிங் வைத்த பிடி நாளாக நாளாக ஆட்டம் கொடுக்கும். ரிவெட் அடித்தது நிற்கும், உள்பக்கம் அந்தக் குமிழைச் சுற்றித் தேய்த்துக் கழுவுகிற வேலை மட்டும் கூடுதல்.

காசுக்கேற்ற பொருள் என்றால் வார்ப்பிரும்பு வடச்சட்டிதான். சில நூறு ரூபாயில் வாங்கிப் பேத்தி காலம் வரை ஓட்டலாம். விரல் கணுவால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சொத்தென்று கேட்டால் எங்கோ விரிசல். தோசைக்கல்லைத் தரையில் வைத்து ஓரத்தை அழுத்திப் பாருங்கள், ஆடினால் கேஸ் அடுப்பிலும் ஆடும். அப்புறம் பழக்க வேண்டும். நன்றாகத் தேய்த்துக் கழுவி, சோறு வடித்த கஞ்சியை ஊற்றி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் கழுவித் துடைத்து நல்லெண்ணெய் தடவிச் சூடு காட்ட வேண்டும். இதையே சில நாள் செய்த பிறகு கொஞ்சம் வெங்காயம் வதக்கிக் கொட்டினால், கறுப்பு கையில் ஒட்டாத பதம் வரும். அதன்பின் தேங்காய் போட்ட வெங்காயத் தாளிப்பும் சிந்தாமணி சிக்கனும் அதில்தான். புளிக்குழம்பை மட்டும் அதிலேயே விட்டு வைக்காதீர்கள்.

பித்தளைப் போசி மேலும் அவளுக்கு ஒரு கண். உள்ளே ஈயம், அதாவது வெள்ளீயம், பூசாமல் புளியோ மோரோ ஊற்றக் கூடாது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும், வெறுமனே காய வைக்கவும் கூடாது. போன் பார்த்துக்கொண்டே சமைக்கிறவளுக்கு அது சரிப்படாது என்று தடுத்துவிட்டேன்.

நான்ஸ்டிக் தவாவுக்குத்தான் பெரிய வாக்குவாதம். அந்தப் பூச்சு 260 டிகிரிக்கு மேல் கெட ஆரம்பிக்கும், உரிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். "முட்டைக்கு மட்டும் அத்தை" என்று கெஞ்சினாள். சின்னதாக, விலை குறைவாக ஒன்று எடுக்க விட்டேன், கூடவே ஒரு மரக்கரண்டியும்.