அந்தக் கமாவுக்குப் பின்னால் என்ன இருந்தது

வேலைக்குச் சேர்ந்த ஏழாவது மாதம் எனக்கு முதல் எஸ்கலேஷன், அதாவது மேலதிகாரி வரை போகிற புகார், வந்தது. புதுச்சேரியில், வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குக் காப்பி எடிட்டிங்கும் பக்க அமைப்பும் செய்து கொடுக்கும் ஒரு நிறுவனம். நான் மருத்துவ இதழ்கள் பார்க்கும் டீமில் இருந்தேன். கட்டுரை எழுதிய டாக்டர், அச்சுக்கு முன் சரிபார்க்க அனுப்பும் ப்ரூஃபைப் பார்த்துவிட்டு, நான் சொல்லாத ஒன்றை என் பெயரில் அச்சடிக்கப் பார்க்கிறீர்கள் என்று எழுதியிருந்தார்.

நான் மாற்றியது ஒரே ஒரு வாக்கியம். அவர் எழுதியது: 'தி டோஸ் வாஸ் ரெட்யூஸ்டு, தி பெயின் ரிடர்ன்டு.' மருந்தின் அளவைக் குறைத்தார்கள், வலி திரும்பி வந்தது. நடுவில் வெறும் கமா. இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டுவது கமா ஸ்ப்ளைஸ் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், கண்டால் விடாதே என்றும் சொல்லியிருந்தார்கள், நானும் முன்னால் ஒரு 'பிகாஸ்' போட்டு வாக்கியத்தைச் சரியாக்கிவிட்டேன். இலக்கணம் சரியாகிவிட்டது. ஆனால் மருந்தைக் குறைத்ததால்தான் வலி வந்தது என்று அந்த டாக்டர் எங்கேயும் சொல்லவில்லை. ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய கட்டுரை அது. இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தன என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. அதை மட்டும்தான் எழுதியிருந்தார். காரணத்தை நான் கொண்டுவந்து வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் விழுப்புரம் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது வழியெல்லாம் இதே யோசனை. கமா ஸ்ப்ளைஸை அதுவரை நான் ஒரு நிறுத்தக்குறிப் பிழையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு முழு வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டுக்கும் என்ன உறவு என்று சொல்லாமல் விடுவதுதான் அது என்று அந்த எஸ்கலேஷனுக்குப் பிறகுதான் புரிந்தது. திருத்துகிறவர் அந்த உறவை எழுதியே ஆக வேண்டும். முற்றுப்புள்ளி வைத்தால் தனித்தனிச் செய்தி, செமிகோலன் போட்டால் நெருங்கிய செய்தி, 'அண்ட்' போட்டால் கூடவே நடந்தது, 'பட்' போட்டால் எதிர்பாராதது, 'பிகாஸ்' போட்டால் காரணம். எதைப் போட்டாலும் ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அந்த வாக்கியம் கடைசியில் 'தி டோஸ் வாஸ் ரெட்யூஸ்டு இன் வீக் 4; தி பெயின் ரிடர்ன்டு இன் தி சேம் வீக்' என்று அச்சானது. வாரக் கணக்கை டாக்டரே சேர்த்துக் கொடுத்தார்.

தமிழ் படித்து வந்த நமக்கு இந்தப் பிழை ஏன் இவ்வளவு சுலபமாக வருகிறது என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். பள்ளியில் காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்று படித்தோம். பெயரிலேயே கால், அரை, முக்கால் என்று அளவு இருக்கிறது, எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்ற கணக்கு. அதனால் கமா என்றால் மூச்சு விடும் இடம் என்று மனதில் பதிந்துவிட்டது. ஆங்கிலத்தில் கமா மூச்சைப் பார்த்து வருவதில்லை, வாக்கியத்தின் எலும்பைப் பார்த்து வருகிறது.

இன்னொன்று, நம்முடைய எச்சங்கள். 'மாதிரிகளை எடுத்து, கழுவி, உலர்த்தி, எடை போட்டோம்' என்று எழுதுகிறோம். மூன்று கமா இருக்கிறது, ஆனால் வினைமுற்று ஒன்றே ஒன்றுதான், கடைசியில் நிற்கும் 'போட்டோம்'. மற்றதெல்லாம் அதன் மேல் சாய்ந்து நிற்கிற வினையெச்சங்கள். இதையே ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொரு எச்சத்தையும் முற்றாக்கிவிட்டு கமாவை மட்டும் பழைய இடத்திலேயே வைத்துவிடுகிறோம். 'வீ டுக் தி சாம்பிள்ஸ், வீ வாஷ்டு தெம், வீ ட்ரைடு தெம்.' நம் மொழியின் ஒழுங்கைத்தான் அப்படியே கொண்டுபோகிறோம், அது அங்கே செல்லுபடியாகவில்லை. இது நமக்கு மட்டும் நடப்பதும் இல்லை. ஜெர்மன் மொழியில் இரண்டு முழு வாக்கியங்களுக்கு நடுவே கமா போடுவது சரியான இலக்கணம், அங்கிருந்து வரும் கட்டுரைகளிலும் இதே பிழையை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? கமாவுக்கு இடது பக்கத்தை விரலால் மறைத்துக்கொண்டு வலது பக்கத்தை மட்டும் படிப்பேன். அப்புறம் வலதை மறைத்து இடதைப் படிப்பேன். இரண்டும் தனியாக நின்று, நடுவில் சேர்க்கும் சொல்லும் இல்லையென்றால் ஸ்ப்ளைஸ். இதில் நிறைய பேர் தடுமாறுகிற இடம் 'இட்', 'திஸ்', 'தே' என்று தொடங்கும் வாக்கியங்கள்தான். 'தி ஃபீவர் பெர்சிஸ்டெட், இட் லாஸ்டெட் ஃபைவ் டேஸ்.' அந்த 'இட்' காய்ச்சலைக் குறிப்பதால், இரண்டாம் பாதி முதல் பாதியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது என்று தோன்றும். பொருளுக்கு அது தேவைப்படலாம், இலக்கணத்துக்குத் தேவையில்லை, அது முழு வாக்கியம்.

'ஹவெவர்', 'தேர்ஃபோர்', 'தென்' மூன்றும் இன்னும் பெரிய பள்ளம். தமிழில் 'அதனால்' என்றாலும் 'எனவே' என்றாலும் வேலை ஒன்றுதான். ஆங்கிலத்தில் 'ஸோ' இரண்டு வாக்கியங்களைக் கட்டும் கயிறு, 'தேர்ஃபோர்' கயிறு இல்லை. 'பட்' கயிறு, 'ஹவெவர்' இல்லை. என் சீனியர் ஒருவர் அழகாகச் சொல்லித் தந்தார், அந்தச் சொல்லை வாக்கியத்துக்குள் நடக்க விட்டுப் பாரும்மா என்று. 'தி சாம்பிள், ஹவெவர், வாஸ் ஸ்டேபிள்' என்று 'ஹவெவர்' உள்ளே போய் உட்காரும், கடைசிக்கும் போகும். 'பட்' அப்படி நகராது. நகரும் சொல்லால் கட்ட முடியாது, அதற்கு முன்னால் முற்றுப்புள்ளியோ செமிகோலனோ வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் சிலர் கமாவை எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். அது இன்னும் மோசம், இரண்டு வாக்கியமும் ஒன்றோடொன்று மோதி நிற்கும். சிலர் எல்லா இடத்திலும் செமிகோலன் போடுகிறார்கள். ஒரு பக்கத்தில் பதினோரு செமிகோலன் எண்ணியிருக்கிறேன், படிக்கவே கஷ்டமாக இருந்தது. செய்முறைப் பகுதிகளில் எனக்குப் பிடித்த வழி எழுவாயைக் குறைப்பது. 'தி சாம்பிள்ஸ் வேர் வாஷ்டு, தென் தே வேர் ட்ரைடு' என்று இருந்தால் அந்த 'தே வேர்' இரண்டையும் எடுத்துவிடுகிறேன். 'வாஷ்டு, தென் ட்ரைடு.' ஒரே எழுவாய், அடுத்தடுத்த செயல்கள். நம் எச்சத்தின் சாயல் அதில் இருப்பதால்தான் எனக்குப் பிடிக்கிறதோ என்னவோ.

தொடக் கூடாத இடங்களும் உண்டு. 'தி மோர் யூ ஹீட் இட், தி ஃபாஸ்டர் இட் டிஸால்வ்ஸ்' என்பது அந்த மொழியின் வழக்கம், ஸ்ப்ளைஸ் இல்லை. வந்தேன், கண்டேன், வென்றேன் என்று சீசர் சொன்னதாக வரும் வாக்கியத்தை ஆங்கிலத்திலும் கமா போட்டே எழுதுகிறார்கள். சின்னச் சின்னதாக, ஒரே அச்சில் வரும் வாக்கியங்களுக்கு அந்தச் சலுகை உண்டு. அதைப் போய் செமிகோலன் போட்டு உடைத்தால் வேகமே செத்துவிடும்.

இப்போது பதினான்கு வருஷம் ஆகிறது, நானே பயிற்சி கொடுக்கிறேன். போன மாதம் ஒரு பெண் வந்து, "அக்கா, இதுல செமிகோலன் போட்டுடட்டுமா, இல்ல 'ஸோ' போடவா?" என்று கேட்டாள். மருந்தை நிறுத்தினார்கள், நோயாளிக்குத் தொற்று வந்தது, நடுவில் கமா. "ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கட்டுரைல எங்கயாவது இருக்கா, டேபிளைப் பாரும்மா" என்றேன். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். இரண்டாம் டேபிளில் தேதிகள் இருந்தன, தொற்று வந்தது 9ஆம் நாள், மருந்தை நிறுத்தியது 11ஆம் நாள். 'ஸோ' போட்டிருந்தால் கதையே தலைகீழாகியிருக்கும். அவள் வாக்கியத்தைத் தொடாமல் ஓரத்தில் ஆத்தர் க்வெரி, அதாவது கட்டுரை எழுதியவருக்கான கேள்வி, எழுதினாள், எது முதலில் நடந்தது என்று தெளிவுபடுத்தவும் என்று. இரண்டு நாளில் பதில் வந்தது, தொற்று வந்ததால்தான் மருந்தை நிறுத்தினோம் என்று.